இராமானுஜனின் பட்டியலில் விடுபட்ட ஓர் எண்

சென்ற ஆண்டு எமது சங்கக் கூட்டமொன்றிலே, கணித மேதை சீனிவாச இராமானுஜன் அவர்களைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. இளமையின் உற்சாகத்தாலே, “அவர் எழுதிய எண்களில் ஒன்றேனும் பிழைத்ததில்லை, நாமகிரித் தாயார் நாவிலே நின்று சொல்ல அவர் எழுதினார்” என்று பேசி முடித்தோம். கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் கலைந்த பின், ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான பெரியவர் ஒருவர் எம்மை அழைத்து, “தம்பி, பேச்சு நல்லாயிருந்தது. ஆனால் அவர் பிழையே விடாதவர் என்று உமக்கு யார் சொன்னது? அவருடைய பட்டியலைப் பார்த்தீரோ?” என்று கேட்டார். பார்க்கவில்லை என்பதே உண்மை. தலை குனிந்து வீடு திரும்பினோம்.

அந்தப் பட்டியலைத் தேடிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை. மேடையிலே சொன்னதை மலரிலே திருத்திக்கொள்வது எமது கடமை என்று கருதுகிறோம்.

எண்களின் குலங்கள்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கொண்டவர் தமிழர். வள்ளுவரும் ஔவையாரும் அவ்வாறே கூறிச் சென்றனர். கோடிக்கு அப்பாலுள்ள பேரெண்களுக்கும் எம்மவர் பெயரிட்டிருந்தனர். நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்னும் பெயர்கள் பரிபாடலிலேயே காணப்படுகின்றன. ஆயினும், ஓர் எண்ணுக்குப் பெயரிடுவது வேறு. அதன் இயல்பை அறிவது வேறு.

எண்களின் இயல்பை அறிய முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, “எந்த எந்த எண்களால் இது மீதியின்றி வகுபடும்?” என்பதாகும். ஒன்றாலும் தன்னாலும் மாத்திரம் வகுபடும் எண்ணை நாம் பாடசாலையில் முதன்மையெண் என்று கற்றோம்; தமிழகத்தார் அதனைப் பகாவெண் என்பர். 2, 3, 5, 7, 11, 13 முதலியன இக்குலத்தன. எண் பெரிதாயிருப்பதனால் வகுத்திகளும் பலவாயிருக்கும் என்று எண்ணிவிடலாகாது. 2147483647 என்பது பத்து இலக்கங்கள் கொண்ட எண். அதற்கு வகுத்திகள் இரண்டே. அது முதன்மையெண் என்பதை 1772 ஆம் ஆண்டில் ஒயிலர் என்னும் பேரறிஞர் நிறுவினார்.

முதன்மையல்லாத ஏனைய எண்களையும் கிரேக்கர் மூவகையாகப் பிரித்தனர். தன்னை நீக்கி ஏனைய வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வருமாயின் அது நிறைவெண்: 6 இன் வகுத்திகளாகிய 1, 2, 3 என்பன கூடி 6 ஆகின்றன; 28, 496, 8128 என்பனவும் அவ்வாறே. கூட்டுத்தொகை எண்ணிலுங் குறையுமாயின் குறையெண், மிகுமாயின் மிகையெண். 8 குறையெண், 12 மிகையெண்.

இனி, இராமானுஜன் எடுத்துக்கொண்ட குலத்தைப் பார்ப்போம்.

பங்கிடத் தக்க எண்கள்

விநாயகசதுர்த்தியன்று வெள்ளவத்தையிலே ஒரு வீட்டில் அறுபது மோதகங்கள் அவித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்த பிள்ளைகள் இருவராயினும், மூவராயினும், நால்வர், ஐவர், அறுவராயினும், பத்துப் பேராயினும், பன்னிருவராயினும், உடைக்காமலே சமமாகப் பங்கிடலாம். ஒரு மோதகம் கூட்டி அறுபத்தொன்று ஆக்கினாலோ, 61 முதன்மையெண்ணாதலின், எவ்வகையாலும் பங்கிட முடியாது. நூறு அவித்தாலும் மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று மிஞ்சும். 100 இற்கு வகுத்திகள் 9; 60 இற்கோ 12. பெரிய எண்ணிலுஞ் சிறிய எண்ணே பங்கீட்டுக்குச் சிறந்ததாயிற்று.

தன்னிலுஞ் சிறிய எந்த எண்ணையும் விட அதிக வகுத்திகளையுடைய எண்ணை ஆங்கிலத்தில் ‘ஹைலி கொம்பொசிற்’ எண் என்றார் இராமானுஜன். நாம் அதனை இக்கட்டுரையில் மிகுவகுத்தி எண் என்போம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 எனத் தொடங்கிச் செல்லும் வரிசை அது. இவற்றுட் பல எமக்குப் புதியன அல்ல. நாளுக்கு 60 நாழிகை; வருடச் சுழற்சிக்கு 60 வருடம்; வட்டத்துக்கு 360 பாகை; டசினுக்கு 12; பழைய ஆங்கிலப் பவுணுக்கு 1971 வரை 240 பென்சு. கடைக்காரரும் சோதிடரும், தாம் அறிந்தோ அறியாமலோ, மீதி வராத எண்களையே விரும்பி எடுத்திருக்கின்றனர்.

1915 ஆம் ஆண்டுக் கட்டுரை

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904 இற் சேர்ந்தவர், கணிதமன்றி வேறெதிலும் மனஞ் செலுத்தாமையால் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் பரீட்சையிற் சித்தியெய்தவில்லை. 1912 இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். 1913 ஜனவரி 16 இல், தாம் கண்ட தேற்றங்களைக் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் கணித அறிஞருக்கு எழுதி அனுப்பினார். அக்கடிதமே அவர் வாழ்வை மாற்றியது. 1914 மார்ச்சு 17 இற் கப்பலேறி, ஏப்பிரலில் இலண்டன் சேர்ந்து, திரினிற்றிக் கல்லூரியை அடைந்தார்.

மறு ஆண்டு, முதலாம் உலக யுத்தத்தின் நடுவே, மிகுவகுத்தி எண்களைப் பற்றிய அவரது நீண்ட கட்டுரை இலண்டன் கணிதச் சங்கத்தின் நடவடிக்கைத் தொகுதியில் வெளிவந்தது. அதற்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி வழிப் பீ. ஏ. பட்டம் வழங்கியது. இரு முறை கல்லூரிப் படிப்பில் இடறிய ஒருவருக்குப் பட்டம் கிடைத்தது, எத்தனை எண்ணால் எவ்வெண் வகுபடும் என்ற ஆராய்ச்சியினாலே என்பதை எம் போன்ற மாணவர் மறத்தலாகாது.

அக்கட்டுரையில் அவர் நிறுவிய விதிகளுள் ஒன்றைப் பாமரரும் விளங்கிக்கொள்ளலாம். மிகுவகுத்தி எண்ணை முதன்மையெண்களின் பெருக்கமாகப் பிரித்தால், 2, 3, 5, 7 என்று இடையில் ஒன்றும் விடாமல் வரிசையாக அவை வரும். சிறிய முதன்மையெண்ணே அதிக தடவை வரும், பெரியது ஒருபோதும் சிறியதை மிஞ்சாது. காரணம் எளிது. 18 என்பது ஓர் இரண்டும் இரு மூன்றும் பெருக்கியது. அதன் வகுத்திகள் 6. இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றி, இரு இரண்டும் ஒரு மூன்றும் எடுத்தால் 12 வரும். அதற்கும் வகுத்திகள் 6. சிறிய எண்ணிலேயே அத்தனையும் கிடைக்கும்போது பெரிய எண்ணுக்கு அப்பெருமை ஏது? மேலும், கடைசியாக வரும் முதன்மையெண் ஒரு முறை மாத்திரமே வரும் என்றும், இதற்கு விலக்கு 4, 36 என்னும் இரண்டு எண்களே என்றும் அவர் காட்டினார்.

இவ்விதிகளோடு ஒரு பட்டியலும் சேர்த்தார். 102 மிகுவகுத்தி எண்கள், ஒவ்வொன்றின் வகுத்தித் தொகையுடன், அப்பட்டியலில் உள்ளன. கடைசி எண் 6746328388800. அதாவது ஆறு இலட்சத்து எழுபத்துநாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்துமூன்று இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு. அதற்கு வகுத்திகள் 10080. 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் அது மீதியின்றி வகுபடும். கணிக்கும் பொறியின்றி, கடதாசியிலும் மனத்திலும் செய்த வேலை இது.

விடுபட்ட எண்

பெரியவர் குறிப்பிட்டது இப்பட்டியலையே. அதிலே ஓர் எண் விடுபட்டிருக்கிறது. அவ்வெண் 293318625600, இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

இதனைச் சோதித்துப் பார்க்க ஒரு சனிக்கிழமை பிற்பகல் நாமும் நண்பர் இருவரும் உட்கார்ந்தோம். ஆறு இரண்டுகளும், நான்கு மூன்றுகளும், இரு ஐந்துகளும், இரு ஏழுகளும், பின்னர் 11, 13, 17, 19 என்பன ஒவ்வொன்றும் பெருகி இவ்வெண் ஆகின்றது. 64 ஐ 81 ஆற் பெருக்க 5184; அதனை 25 ஆற் பெருக்க 129600; 49 ஆற் பெருக்க 6350400; 11 ஆற் பெருக்க 69854400; 13 ஆற் பெருக்க 908107200; 17 ஆற் பெருக்க 15437822400; 19 ஆற் பெருக்க 293318625600. வாசகர்களும் பென்சிலெடுத்துச் செய்து பார்க்கலாம்.

வகுத்திகளை எண்ணுவது அதனிலும் எளிது. ஒரு வகுத்தியை ஆக்க, இரண்டை ஒரு தடவையும் எடாமலோ, ஆறு தடவை வரையிலோ எடுக்கலாம். அது ஏழு வழி. மூன்றுக்கு ஐந்து வழி; ஐந்துக்கு மூன்று; ஏழுக்கு மூன்று; ஏனைய நான்கு முதன்மையெண்களுக்கும் எடுத்தல், எடாமை என்று இவ்விரு வழி. ஏழையும் ஐந்தையும் மூன்றையும் மூன்றையும் பெருக்க 315. நான்கு இரண்டுகளின் பெருக்கமான 16 ஆற் பெருக்க 5040. ஆக, இவ்வெண்ணுக்கு வகுத்திகள் 5040.

இனி இராமானுஜனின் விதியை இதன்மேல் வைத்துப் பார்ப்போம். முதன்மையெண்கள் 2 முதல் 19 வரை ஒன்றும் விடாமல் வருகின்றன. அவை வரும் தடவைகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. எங்கும் ஏறவில்லை, கடைசி ஒன்றில் முடிகிறது. அவர் வகுத்த சட்டத்துக்கு இவ்வெண் முற்றும் அடங்கியது. எனினும் சட்டத்துக்கு அடங்கினாற் போதாது. இதனிலுஞ் சிறிய எந்த எண்ணுக்கும் 5040 வகுத்திகள் இல்லை என்பதும் தெரியவேண்டும். அச்சட்டத்துக்கு அடங்கிய சிறிய எண்கள் யாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பதே அதற்கு வழி. அது பென்சில் வேலையன்று. நண்பர் ஒருவர் கணினியில் சிறு நிரலொன்று எழுதினார். விடை கண்ணிமைப்பொழுதில் வந்தது. அப்படிப்பட்ட எண் வேறொன்றும் இல்லை. ஆகவே 293318625600 பட்டியலில் இருந்திருக்கவேண்டிய எண்ணே. அடுத்த மிகுவகுத்தி எண் 5376 வகுத்திகளையுடைய 321253732800. அது இராமானுஜனின் ஆராய்ச்சியிற் சிறப்பிடம் பெற்றது, மிகுவகுத்தி எண்களுள்ளும் மேலானவை என்று அவர் பிரித்தெடுத்த உட்குலத்தைச் சேர்ந்தது. மேலானதைக் கண்ட கண் அதற்கு அருகில் நின்றதைக் காணாது விட்டது.

இன்னுமொரு வியப்பு உண்டு. விடுபட்ட எண்ணை 23 ஆற் பெருக்கிப் பாருங்கள், 6746328388800 வரும். அதுவே பட்டியலின் கடைசி எண்! மகனைப் பட்டியலில் எழுதிய அறிஞர் தந்தையை எழுத மறந்துவிட்டார் என்று நாம் மூவரும் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அச்சிரிப்பு ஏளனச் சிரிப்பன்று. நூற்றுக்கு மேற்பட்ட பேரெண்களைத் தனியொருவராகக் கையாற் கணித்து, ஒன்றே ஒன்றைத் தவறவிட்டவரை ஏளனஞ் செய்ய எமக்கு ஏது தகுதி? ஏழாம் வாய்பாட்டிலேயே தடுமாறுபவர் எம்முள் உளர்.

இங்கே உணரவேண்டியது ஒன்றுண்டு. தவறியது பட்டியல்; விதியன்று. விதிகளை அவர் நிறுவிக் காட்டினார். நிறுவப்பட்டது அசையாது நிற்கிறது. அந்த விதியே பட்டியலின் தவறையும் காட்டிக்கொடுக்கிறது. ஆசிரியர் தம் மாணவருக்குக் கொடுத்த அளவுகோலால், மாணவர் ஆசிரியரின் கோட்டையே அளந்து பார்த்தது போன்றது இது. இதனால் ஆசிரியருக்குப் பெருமையேயன்றிச் சிறுமை இல்லை.

5040 என்னும் எண்

விடுபட்ட எண்ணின் வகுத்தித் தொகையாகிய 5040 உம் ஒரு மிகுவகுத்தி எண்ணே. 1 முதல் 7 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் அது வரும். அதற்கு வகுத்திகள் 60. கிரேக்க ஞானி பிளேற்றோ தமது ‘சட்டங்கள்’ என்னும் நூலில், இலட்சிய நகரொன்றில் 5040 குடும்பங்கள் இருத்தல் வேண்டும் என்று விதித்தார். நிலத்தையும் கடமைகளையும் பங்கிடுவதற்கு இவ்வளவு வசதியான எண் வேறில்லை என்பதே அவர் கருத்து.

இவ்வெண்ணின் புகழ் அத்துடன் முடியவில்லை. யுத்த காலத்தில் இலண்டன் கணிதச் சங்கத்துக்கு நிதி முடை ஏற்பட்டமையால் இராமானுஜனின் கட்டுரையில் ஒரு பகுதி அச்சேறாது நின்றது. 1920 ஏப்பிரல் 26 இல், முப்பத்திரண்டாம் வயதிலே, சென்னையில் அவர் காலமானார். அச்சேறாத அப்பகுதி 1988 இலே தான் அவரது ‘தொலைந்த குறிப்பேடு’ முதலியவற்றுடன் உலகம் காண வெளிவந்தது. பிரான்சு நாட்டறிஞர் நிக்கொலா, ரொபின் என்னும் இருவர் அதனை விளக்கக் குறிப்புகளுடன் 1997 இற் பதிப்பித்தனர். அவருள் ரொபின் என்பவர் 1984 ஆம் ஆண்டிலேயே ஓர் அரிய முடிவைக் கண்டிருந்தார். ஓர் எண்ணின் வகுத்திகளைக் கூட்டினால் வரும் தொகை ஒரு குறித்த எல்லையைத் தாண்டாது என்பது 5040 இற்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் பொருந்துமாயின், கணிதத்திற் பெரும் புதிராக இன்றும் நிறுவப்படாது நிற்கும் ரீமானின் கருதுகோள் உண்மையாகும், பொருந்தாதாயின் பொய்யாகும். அந்த எல்லைக் கல் 5040 இல் நடப்பட்டிருக்கிறது!

இத்துறை கணிதப் பெருநதியிலிருந்து ஒதுங்கிய ஓடை என்று ஹார்டியே ஒருகால் கருதினார். ஓடை நதியொடு கலந்துவிட்டது. எது பயனுள்ள ஆராய்ச்சி, எது பயனற்றது என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்ல எவராலும் இயலாது.

எமது யுகக் கணக்கு

இந்து வாலிபர் மலரில் எழுதும்போது எமது யுகக் கணக்கை நினையாதிருத்தல் இயலாது. கலியுகம் 432000 ஆண்டு, துவாபரம் 864000, திரேதம் 1296000, கிருதம் 1728000, நான்குங் கூடிய சதுர்யுகம் 4320000. இஃது ஒரு மிகுவகுத்தி எண்ணாக இருக்கக் கூடாதா என்று நாம் ஆவலோடு பார்த்தோம். இல்லை. இதன் வகுத்திகள் 180. அத்தனை வகுத்திகள் 277200 என்னுஞ் சிறிய எண்ணுக்கே உண்டு. ஆனால் சதுர்யுகத்தோடு 4320 ஐக் கூட்டினால் 4324320 வருகிறது. அஃது இராமானுஜனின் மேலான உட்குலத்து எண், வகுத்திகள் 384. ஒரு நண்பர் துள்ளியெழுந்து, “பாரும், முன்னோர் அறிந்தே வைத்தார்கள்!” என்றார்.

எமக்கும் அவ்வாறு எழுத ஆசைதான். ஆனால் முன்னோர் 4320000 என்று எழுதினார்களேயன்றி 4324320 என்று எழுதவில்லை. கோள்களின் சுற்றுக்களை முழு எண்களாகச் சொல்வதற்கு வானநூலார் அப்பேரெண்ணை எடுத்தாண்டனர். ஆரியபட்டர், கி. பி. 499 இல், அதே 4320000 ஐ 1080000 ஆண்டு கொண்ட நான்கு சமயுகங்களாகப் பிரித்தார். அவர்கள் செய்தது அவர்களுக்குப் போதிய பெருமை. செய்யாததை அவர்கள் தலையில் ஏற்றுவது பெருமையன்று. சென்ற ஆண்டு நாம் மேடையிலே செய்த தவறும் இதே இனத்தது.

இராமானுஜன் நாமகிரித் தாயாரிடத்து ஆழ்ந்த பக்தி உடையவர். கடல் கடந்தும் தம் கையாற் சமைத்து மரக்கறி உணவே உண்டவர். தம் சிந்தனைகள் தாயாரின் அருள் என்றே அவர் நம்பினார். அந்நம்பிக்கையைக் குறைகூற எமக்கு மனமில்லை. ஆனால், தாயாரே அருளியது என்று சொல்லி அவர் ஓய்ந்திருக்கவில்லை. கேம்பிரிட்ஜிலே ஹார்டியின் துணையோடு நிறுவும் முறையைக் கற்று, படிப்படியாகக் காட்டி, பிறர் சோதிக்கத் தந்தார். பக்தியும் சோதனையும் அவரிடத்தே சண்டையிடவில்லை. எமக்குள் மாத்திரம் அவை ஏன் சண்டையிடவேண்டும்?

கிறித்தவப் பாடசாலையிலே கணிதங் கற்ற எமக்கு, எண்ணுக்குச் சமயம் இல்லை என்பது தெரியும். வட்டுக்கோட்டைச் செமினறியிற் பயின்று, 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய கறல் விசுவநாதபிள்ளை, வீசகணிதத்தைத் தமிழிலே எழுதித் தந்தார். தமிழிற் கணிதம் எழுதலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எமது சங்கத்துச் சிறுவர்க்கு வார இறுதியிற் சமய வகுப்பு நடக்கிறது. தேவாரம் முடிந்த பின் அரை மணி நேரம் கணிதத்துக்கும் ஒதுக்கினால் என்ன என்று பெரியோரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தொடங்கும் நாளில் 60 மோதகங்களை வைத்துத் தொடங்கலாம்.

அந்தப் பெரியவரை மீண்டும் கண்டு, விடுபட்ட எண்ணை எழுதிய கடதாசியைக் கொடுத்தோம். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பெருக்கலை வரிவரியாகப் பார்த்தார். “சரிதான் தம்பி, ஆனால் 17 ஆற் பெருக்கின இடத்தில் ஒரு பூச்சியம் குறையுது” என்றார். பார்த்தோம்; குறைந்துதான் இருந்தது. அதைத் திருத்தியே இங்கு அச்சிற் கொடுத்திருக்கிறோம்.